கொசுவலைச் சேலை

20 டிசம்பர் 1941, சனி. இரங்கூன்

இந்த டைரியை எனக்குக் கொடுத்தவர் மச்சான் கதிரேசன். ஹார்பரில் சரக்கு தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவர்களுக்குப் புது வருஷத்துக்காக ஆளுக்கொன்று கொடுத்தார்களாம். அவருக்கு எழுதப் பொறுமை கிடையாது. "சாத்தையா, நீ வாயால விடுறதெல்லாம் காத்தோட போயிருது. இதுல எழுதி வையி. எது நெசம், எது சரடுன்னு ஒரு நாளு உக்காந்து பிரிச்சுப் பாப்போம்" என்றார்.

ஜனவரி பிறக்கும்வரை என்னால் காத்திருக்க முடியாது. முன்பக்கத்து வெற்றுத் தாள்களிலேயே தொடங்கிவிட்டேன்.

என் பெயர் சாத்தையா. ஊர் இளையான்குடிப் பக்கம். மூன்றாம் வகுப்பு முழுதாகவும் நான்காம் வகுப்பு வாசல்படி வரையும் படித்தவன். இங்கே ஒரு அரிசி மில்லில் முக்கியமான பொறுப்பில் இருக்கிறேன். என் கை படாமல் ஒரு மூட்டைகூடக் கப்பல் ஏறாது. மூட்டைக்கு வாய் தைக்கிற வேலைதானே என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். தைக்காத மூட்டை எத்தனை தூரம் போகும் என்று அவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

என் மீசையைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் நிற்கும். ஒரு வெள்ளைக்கார துரை நின்று பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

என் தங்கை வெள்ளையம்மாள்தான் மச்சானின் மனைவி. எட்டாம் மாதம். மூத்தவள் பொன்னழகுக்கு ஆறு வயது. நானும் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. வெள்ளையம்மாள் ஐந்தாம் வகுப்பு படித்தவள், இந்த டைரியை எடுத்துப் படிக்காமல் இருக்க மாட்டாள். ஆகவே அவள் படிக்கத் தக்கதை மட்டுமே இதில் எழுதுவேன்.

23 டிசம்பர்

காலை பத்து மணி வாக்கில் ஜப்பான் விமானங்கள் வந்தன. எண்ணூறு இருக்கும். ஜனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், நானும் பார்த்தேன். பிறகு குண்டுகள் விழுந்தன. ஹார்பர் பக்கம் ஒரே புகை. மச்சானைப் பார்த்து வரப் போகிறேன்.

24 டிசம்பர்

மச்சான் நலம்.

ஹார்பரில் விஞ்சு தெரிந்தவர்களை எல்லாம் ராணுவத்தார் ஓர் அவசர வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வெளியே விடுவதில்லை, கடிதம் எழுதவும் அனுமதி இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கால் மணி நேரம் பேசினோம். பிரசவத்துக்கு வெள்ளையம்மாளை ஊருக்குக் கூட்டிப்போ, நான் பின்னால் வந்துவிடுகிறேன் என்றார். அதுதான் சேதி.

திரும்பும் வழியில் எரிகிற டிராம் வண்டி ஒன்றைத் தனி ஆளாக அணைத்தேன். அதில் மீசை ஒரு பக்கம் கருகிவிட்டது. நாவிதர் மறுபக்கத்தையும் எடுத்துவிட்டார். உடம்பெல்லாம் கரி. வீட்டுக்கு வந்ததும் கட்டின வேட்டியோடு கொல்லைக் குழாயடியில் நாலு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போனேன். வெள்ளையம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எங்கே என்று கேட்டாள். மேலே எழுதியதை எல்லாம் சொன்னேன். என் உதட்டுக்கு மேலே வெறிச்சென்று இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள். அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் சொன்ன விதம் அவ்வளவு கச்சிதம்.

இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன்.

26 டிசம்பர்

நேற்றும் குண்டு. கப்பலில் இடம் கிடைக்கிற ஆட்கள் நாங்கள் இல்லை. புரோம் வரை ரயில், பிறகு ஐராவதி ஆற்றைத் தாண்டி மலைப்பாதையில் நடந்தால் டாங்கப் என்கிற கடற்கரை ஊர், அங்கிருந்து படகு. நூற்றுப் பத்து மைல் நடை. எனக்கு இது காலை உலாவுதல் மாதிரி. வெள்ளையம்மாளுக்குத்தான் யோசிக்க வேண்டும்.

அவள் மனம் தளராமல் இருந்தால் நடந்துவிடுவாள். தளர்ந்தால் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தவர்கள் எழுவதில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு இருக்கிற ஒரே வேலை அவளை உட்காரவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

கடைத்தெருவில் திறந்திருந்த ஒரே ஜவுளிக் கடையில் ஒரு சேலை வாங்கினேன். புதுசு, வெள்ளை, கரையில்லாதது. என்னத்துக்கு மாமா என்றாள் பொன்னழகு. கொசுவலைக்கு என்றேன். மலையில் கொசு பருந்து அளவு இருக்கும்.

30 டிசம்பர், புரோம்

கூட்ஸ் வண்டியில் வந்து சேர்ந்தோம். ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கான ஜனம். ஆற்றைக் கடக்க அனுமதி இல்லை. காத்திருக்கிறோம். மச்சான் நலம் என்று ஹார்பரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

4 ஜனவரி 1942

இன்னும் கரையிலேதான். வாந்திபேதி பரவுகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கிறோம். வெள்ளையம்மாள் பூ வைப்பதை விட்டுவிட்டாள். கரையில் பூ விற்கிறார்கள், வாங்கி வரட்டுமா என்றால் தலைவலி என்கிறாள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அப்படித்தான். பொட்டு மட்டும் தினமும் வைத்துக்கொள்கிறாள், முன்னைவிடப் பெரிதாக. மனம் தளரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

7 ஜனவரி, புதன்

இன்று பதினாறாம் நாள். அதாவது நான் கணக்குத் தெரிந்தவன், எதையும் எண்ணிக்கொண்டே இருப்பேன்.

காலையில் ஆற்றில் முழுகிவிட்டு, ஒரு பிடி சோற்றை உருண்டை பிடித்து மீனுக்குப் போடலாம் என்று இறங்கினேன். எனக்கு மீன்கள் மேல் எப்போதும் இரக்கம் உண்டு. கரையில் இருந்த வெள்ளையம்மாள் என்னைக் கூப்பிட்டு, தன் மூட்டையிலிருந்து சின்ன முடிச்சு ஒன்றை அவிழ்த்துக் கையில் கொட்டினாள். கறுப்பு எள்ளு.

"சும்மா சோத்த மீனு திங்காதுண்ணே. இதயும் சேத்துப் போடு" என்றாள்.

நானே எள்ளுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதும் இப்படி அதிர்ஷ்டம் வந்து கையில் விழும். தெற்கே பார்த்து நின்று போட்டேன். எல்லாம் முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள். அடுப்புப் புகை என்றாள். அடுப்பு தூரத்தில் இருந்தது, ஆனால் காற்று எந்தப் பக்கமும் திரும்பும்.

மத்தியானம் எங்களைப் படகில் விட்டார்கள்.

9 ஜனவரி

நடை தொடங்கியது. சாமான்கள் கனக்கின்றன. வழியெல்லாம் ஜனங்கள் எறிந்துவிட்டுப் போன பொருள்கள்: தையல் மிஷின், ஆர்மோனியப் பெட்டி, வெண்கல அண்டா. நாங்களும் குறைத்தோம். என் பாய், என் ரப்பர் செருப்பு (வார் அறுந்தது), என் இரும்புப் பெட்டி போயின. வெள்ளையம்மாள் கொசுவலையைத் தூக்கிப் போடச் சொன்னாள். முடியாது என்றேன்.

"கொசுவே இல்லையேண்ணே."

"இந்த வலைக்குப் பயந்துதான் வரல" என்றேன். பொன்னழகு சிரித்தாள். வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை.

11 ஜனவரி

பாதை மேலேறுகிறது. கோணி ஊசியும் சணலும் என் இடுப்பில் எப்போதும் உண்டு. கீழே கிடந்த சாக்குகளைப் பொறுக்கி மூன்று காரியம் செய்தேன். பொன்னழகுக்கு என் முதுகில் உட்கார்ந்து வர ஒரு சாக்கு நாற்காலி. வெள்ளையம்மாளின் வயிற்றைத் தாங்கித் தோளில் மாட்டிக்கொள்ள அகலமான கச்சை. மிச்சத்தில் எனக்குச் சாக்குச் செருப்பு. மகாராஜாக்கள் இப்படித்தான் பயணம் போவார்கள் என்றேன்.

கச்சையை மாட்டிக்கொண்டு அவள் ஒரு மைல் முனகாமல் நடந்தாள். "நீ தச்சதிலேயே இதுதாண்ணே நல்ல மூட்ட" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஹார்பரில் மச்சானும் இப்போது யாரோடாவது சிரித்துக்கொண்டிருப்பார்.

12 ஜனவரி

ஓடைகள் வற்றிக் கிடக்கின்றன. கிடைத்த தண்ணீர் இரண்டு பேருக்குப் போதும். நான் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. பெகுவில் ஒரு சாமியார் எனக்குக் கற்றுக்கொடுத்த வித்தை, ஒட்டகத்தின் மூச்சுப் பயிற்சி. பொன்னழகு தானும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். மீசை வைத்திருந்தவர்களுக்குத்தான் அது வரும் என்று சொல்லிக் குவளையை அவளிடம் கொடுத்தேன்.

பாதையோரம் சிலர் படுத்திருக்கிறார்கள். தூங்குகிறார்கள் என்றேன். அதற்கப்புறம் அப்படி யாரையாவது தாண்டும்போதெல்லாம் குழந்தை குரலைத் தாழ்த்திக்கொள்கிறது, அவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று.

14 ஜனவரி, புதன்

தைப் பொங்கல்.

அண்ணன் தங்கைக்குப் பொங்கல் சீர் கொடுக்காமல் இருக்கக் கூடாது. புரோமில் வாங்கிய வெல்லம் கோலிக்குண்டு அளவு மிச்சமிருந்தது. அரிசி இரண்டு பிடி. பால் டின் ஒன்றைக் கழுவி மூன்று கல் கூட்டிப் பொங்கினோம். சீர் வரிசை இருபத்தொரு தட்டு என்று சொல்லி, தேக்கிலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெள்ளையம்மாள் முன்னால் வைத்தேன். இது வாழைத்தார், இது கரும்பு, இது பட்டு. பொன்னழகு எண்ணினாள். இருபதுதான் வருகிறது மாமா என்றாள். இருபத்தொன்றாவது தட்டு நீதான் என்று அவளைத் தூக்கி வைத்தேன்.

டின் பொங்கியபோது குழந்தை "பொங்கலோ பொங்கல்" என்று கூவினாள். ஒரு நிமிஷம் காடு சும்மா இருந்தது. பிறகு மேலே பாதை வளைவிலிருந்து யாரோ ஓர் ஆண்குரல் பதிலுக்குக் கூவியது. கீழேயிருந்து இரண்டு பெண்குரல். இன்னும் கீழே எங்கோ ஒன்று. எவர் முகமும் எங்களுக்குத் தெரியவில்லை. பத்தாயிரம் குரல் என்று எழுதலாம். ஆறேழுதான்.

16 ஜனவரி

காய்ச்சல் எனக்கு. பெரிதாக ஒன்றுமில்லை. பாதை மட்டும் சற்று ஆடுகிறது.

18 ஜனவரி, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

காலையிலேயே வெள்ளையம்மாள் ஒரு பாறையில் கையை ஊன்றி நின்றுவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் நாள் இருக்கிறதே என்றேன். "பிள்ளைக்கு நாள் தெரியுமாண்ணே" என்றாள். பிறகு அவள் மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். இருபத்தைந்து நாளாக நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது.

அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். பொன்னழகு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பர்லாங்கு தூரத்தில் மூங்கில் வீடுகள் நாலைந்து தெரிந்தன. எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று எனக்கே தெரியாது. இதைப் பெரிதாக எழுத வேண்டுமென்று நினைத்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்த ஓர் அரக்கானியப் பெண் முறத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள். அவள் பாஷை எனக்குப் புரியவில்லை, என் பாஷை அவளுக்கும். வெள்ளையம்மாளை உள்ளே படுக்கவைத்துவிட்டு என் நெஞ்சில் கை வைத்து வெளியே தள்ளினாள்.

உச்சிவேளையில் குழந்தையின் அழுகை கேட்டது. பெண். ஏழு ராத்தல் இருப்பாள்.

அந்தப் பெண் கதவைத் திறந்து, துணி வேண்டும் என்று கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். என்னிடம் கிழிந்த வேட்டிதான், அதுவும் உடம்பில் இருந்தது. உள்ளேயிருந்து வெள்ளையம்மாள் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தக் கொசுவலைய எடுத்தா."

அது ஆகாது, அழுக்கு, கனம், முரட்டு நூல் என்று என்னென்னவோ சொன்னேன். அப்போதுதான் பிறந்த பிள்ளை மேல் அதைப் போடலாமா?

"உள்ள வாண்ணே" என்றாள். போனேன். குழந்தை அவள் மேல் கிடந்தது, சின்னதாக, சிவப்பாக.

"அது கோடிதான?" என்றாள்.

நான் மூட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"ஊருல போயி, அண்ணன்காரன் கோடி போடுறப்ப போடணும்னுதான தூக்கிட்டு வர்ற? எம்புட்டு நாளா இத எனக்குத் தெரியாம ஒளிப்ப? அன்னைக்கு நாலு வாளி தண்ணியத் தலையில ஊத்திக்கிட்டு வந்த. டிராமு அணைச்சவன் எவன்ணே எழவு வீட்டுக்காரன் மாதிரி துணியோட முழுகிட்டு வருவான்? உயிரே போனாலும் மீசைய எடுக்க மாட்ட. எடுத்திருந்த. அங்ஙனயே தெரிஞ்சு போச்சு."

எள்ளு என்றேன்.

"அவுகளுக்குன்னு நாந்தான் முடிஞ்சு வச்சேன். நீ செய்வேன்னு தெரியும்."

பிறகு ஏனடி பொட்டு வைத்துக்கொண்டு வந்தாய் என்று கேட்டேன். சாகும்வரை எனக்கு இந்தப் பதில் மறக்காது.

"அழிச்சா எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சுரும்லண்ணே. அப்பறம் என்னத்தச் சொல்லி எங்கள நடத்திக் கூட்டிட்டுப் போவ? நான் அழுதா நீ உக்காந்துருவ."

நான் அழுதேன். அவளும் அழுதாள், இருபத்தைந்து நாள் அழுகையையும் சேர்த்து. பொன்னழகு ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேர் தலையையும் மாறி மாறித் தடவினாள். அரக்கானியப் பெண் சட்டி வெந்நீரோடு நின்றாள்.

"அதக் குடுண்ணே. புதுத் துணி, இம்புட்டுத் தூரம் சொமந்திருக்க. எனக்கு வேணாம். இவளுக்குத் தாய்மாமன் சீராக் குடு."

கோணி ஊசிக் கூரால் சேலையைக் கீறினேன். ஒரு முழத்தில் பிள்ளையைச் சுற்றினோம். மிச்சத்தை அந்த வீட்டு மூங்கில் உத்தரத்தில் தூளியாகக் கட்டினேன். முடிச்சு நான் போட்டது. நான் போட்ட முடிச்சு கப்பலில் லண்டன் வரைக்கும் போய் அவிழாமல் நின்றது.

23 ஜனவரி, டாங்கப்

அந்தப் பெண் எங்களை மூன்று நாள் விடவில்லை. கிளம்பும்போது மூங்கில் குழாயில் தண்ணீரும் அவித்த கிழங்கும் கொடுத்தாள். பெயர் கேட்டேன், சொன்னாள், என் வாயில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் நடை. தூளி என் முதுகில், பொன்னழகு தன் காலில். காய்ச்சல் விட்டுவிட்டது.

கடல் தெரிகிறது.

9 பிப்ரவரி

டாங்கப்பிலிருந்து படகில் அக்கியாப் துறைமுகம், அங்கிருந்து சிட்டகாங்குக்குக் கப்பல். மேல்தட்டில் கூட்டம். கம்பியில் தூளி. கடல் ஆட்டுகிறது, எனக்கு வேலை இல்லை.

24 பிப்ரவரி, மச்சான் ஊர்

நேற்று வந்து சேர்ந்தோம். மச்சானின் அக்காள் சிட்டம்மாள் வாசலிலேயே எங்களை எண்ணினாள். மச்சானும் தங்கையும் நானுமாக மூன்று பேர் போய் நாலு பேர் வந்திருக்கிறோம், ஆனாலும் ஒருவர் குறைந்தார். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தாள். அவளிடம் கதை எதுவும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்: ஹார்பரில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தது, தார்ப்பாயில் சுற்றியது, கொள்ளி வைக்க வேறு ஆளில்லாமல் நானே வைத்தது.

இன்று காலை பெண்கள் கூடிவிட்டார்கள். சாங்கியம் நடக்க வேண்டும், பிறந்த வீட்டுக் கோடி எங்கே, அண்ணன்காரன் கொண்டுவரவில்லையா என்று சிட்டம்மாள் கேட்டாள். வெள்ளையம்மாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டில்லை. அதை நேற்று அவளாகவே எடுத்துவிட்டாள்.

கொண்டுவந்தேன் என்றேன். இரங்கூனில் எடுத்தது, மலை தாண்டி வந்தது. அதோ தொங்குகிறது என்று உத்தரத்தைக் காட்டினேன். "உள்ள ஒரு ஆளு தூங்குறா. எழுப்பிட்டு எடுத்துக்கங்க."

சிட்டம்மாள் எழுந்து போய்த் தூளியை விரித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "எந்தம்பி காது" என்றாள். துணியை மூடினாள். பிறகு ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் மெல்ல ஆட்டிவிட்டாள். கோடிப் பேச்சை அதற்குமேல் யாரும் எடுக்கவில்லை.

1 மார்ச்

மீசை அரை அங்குலம் வளர்ந்திருக்கிறது. எலுமிச்சம்பழம் இல்லை, எலுமிச்சை விதை நிற்கும்.

மச்சான் சொன்னபடி இன்று உட்கார்ந்து பிரித்தோம். வெள்ளையம்மாள் என் பென்சிலை வாங்கிக்கொண்டு முதல் தாளிலிருந்து படித்து வந்தாள். எண்ணூறு விமானத்துக்குப் பக்கத்தில் 'சரடு' என்று எழுதினாள். தொப்பி கழற்றிய துரைக்குச் சரடு. டிராமுக்குச் சரடு. சாமியாருக்கு இரண்டு முறை சரடு. ஏழு ராத்தலை அடித்து நாலு என்று போட்டாள்.

மச்சான் நலம் என்று நான் எழுதியிருந்த இடங்களும் வந்தன. அங்கெல்லாம் கொஞ்சம் நின்று, ஒன்றும் எழுதாமல் தாளைத் திருப்பினாள்.